கூப்பிடு தூரம்: போத்தனூரிலிருந்து நாகை வரை ஐந்து நாள்

முதல் நாள்: போத்தனூர், திருப்பூர்

விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து நான்கு நாளாகிறது. கண்ணை மூடினால் இன்னும் ‘மானுடப் புவியியல் என்பது மனிதனுக்கும் புவிப்பரப்பிற்கும் இடையே உள்ள உறவை…’ என்ற வரிதான் ஓடுகிறது. தாளுக்குத் தாள் அதே வரி, அதே காற்புள்ளி. தடம் மாறியவன் ஒரே ஒரு பையன். கிறிஸ்டாலர் என்பவர் தெற்கு ஜெர்மனியில் அறுகோண வடிவத்தில் ஊர்களைக் கட்டினார் என்று எழுதியிருந்தான். அவர் எதையும் கட்டவில்லை. எந்த ஊர்க் கடைக்கு எவ்வளவு தொலைவிலிருந்து ஆள் வருவார்கள் என்று 1933இல் ஒரு கணக்குப் போட்டு, அதை அறுகோணங்களாக வரைந்தார், அவ்வளவுதான். பையனுக்கு மதிப்பெண் போட வழியில்லை. ஆனால் அத்தனை பேரிலும் ஊர் என்ற ஒன்றை மனத்துக்குள் பார்த்தவன் அவன்தான்.

கோவையில் இருபத்திரண்டு வருடமாகப் புவியியல் நடத்துகிறேன். பிறந்தது கீழ்வேளூர்ப் பக்கம். ஒவ்வொரு மே மாதமும் இரவு ரயிலில் ஏறிப் படுத்தால் விடியும்போது டெல்டாவில் இருப்பேன். நடுவில் கிடக்கும் 350 கிலோமீட்டரை இத்தனை வருடமும் தூங்கியே கடந்திருக்கிறேன். பாடம் நடத்துகிறவள் செய்கிற காரியமா இது? இந்த முறை பகலில், பஸ்ஸில், இறங்கி இறங்கிப் போவது என்று முடிவு. வீட்டில் சிரித்தார்கள்.

போத்தனூரில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட ரயில் பாதை 1862இல் போத்தனூர் வழியாகத்தான் போனது. கோவை நகரம் அந்தப் பாதையில் இல்லை. 1873 வரை காத்திருந்துதான் தனக்கொரு கிளைப் பாதையைப் பெற்றது. ரயில்காரர்களுக்குக் கோவை முக்கியமில்லை, மலையில் உள்ள வாசல்தான் முக்கியம். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழி விடுகிறது. மே மாதக் கடைசியில் அந்த வாசல் வழியாக வரும் காற்று இங்கே ரயிலடியில் நிற்கும்போதே முகத்தில் அடிக்கிறது. போத்தனூருக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. ரயிலுக்குப் பதினெட்டு நூற்றாண்டு முன்பே வணிகர்கள் இதே வாசலைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வகுப்பில் இரண்டு விஷயங்களைப் பிரித்துச் சொல்வேன். ஓர் ஊர் உட்கார்ந்திருக்கும் மண் ஒன்று. அந்த ஊர் யார் யாரோடு தொட்டுக்கொண்டிருக்கிறது என்பது வேறொன்று. கோவையின் மண்ணை மட்டும் பார்த்தால் பெரிய ஆறு இல்லை, மழையும் குறைவு; இங்கே இவ்வளவு பெரிய நகரம் வர நியாயமே இல்லை. கரிசல் காட்டுப் பருத்தி, மலை வாசல், 1932இல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து இறங்கிய மின்சாரம், இவற்றோடு அது தொட்டுக்கொண்டிருந்ததால்தான் ஆலைகள் எழுந்தன.

மாலையில் திருப்பூர். பனியன் கம்பெனிகள் ஷிப்டு விடும் நேரத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் தையல் வேலை பார்க்கும் ஜார்க்கண்ட் இளைஞர் ஒருவர். ஆறு வருடத் தமிழ், நன்றாகவே பேசுகிறார்.

“ஊர் எவ்வளவு தூரம், தம்பி?”

“இரண்டு ராத்திரி, அக்கா.”

தன்பாத்திலிருந்து ஆலப்புழா போகும் ரயிலில் வருகிறார்கள். அவரிடம் கிலோமீட்டர்க் கணக்கு இல்லை. இடம்பெயர்வு பற்றி ரேவன்ஸ்டைன் என்ற புவியியலாளர் 1885இல் எழுதியவற்றில் ஒன்று, பெரும்பாலானவர்கள் கிட்டத்திலேயே பெயர்கிறார்கள் என்பது. இன்னொன்று, அந்தக் கிட்டத்துப் பெயர்வில் பெண்களே அதிகம் என்பது. நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பெண்கள் ஊர் மாறுவதற்கு முதல் காரணம் கல்யாணம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, “வீட்டில் நீங்கள்தான் அதிக தூரம் வந்தவரா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

“இல்லை அக்கா. என் தங்கையைப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கட்டிக்கொடுத்தோம். நான் சட் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விடுவேன். அவளால் வர முடிவதில்லை. அங்கே அனுப்ப மாட்டார்கள்.”

டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். நான் கொடுக்க நினைப்பதற்குள் ஆள் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

இரண்டாம் நாள்: கொடுமணல், காங்கேயம்

இன்று நிறைய எழுத இருக்கிறது. கரூரில் தங்கியிருக்கும் அறையின் விசிறி அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

காலையில் கொடுமணல். நொய்யலின் வடகரையில் பார்வைக்கு ஒன்றுமில்லாத மேடு. அகழாய்வுக் குழிகளை மூடிவிட்டார்கள். வெயிலில் நின்றால் ஒரு ஆட்டுக்காரர் நம்மைப் பார்த்து ‘இதற்காகவா வந்தாய்’ என்று பரிதாபப்படுவார். ஆனால் பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேர் வரும் ஊர் இதுதான் என்கிறார்கள். இரும்பு உருக்கியிருக்கிறார்கள், மணி கோத்திருக்கிறார்கள், பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பேர் கீறியிருக்கிறார்கள். பச்சை மணிக்கான பெரில் கல் காங்கேயம் பக்கத்துப் படியூரில் எடுத்தது, அது சரி. சூதுபவளமும் நீல லாபிஸ் கல்லும் இந்த மண்ணில் கிடையாது. லாபிஸ் ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வர வேண்டும். அப்படியென்றால் இந்த மேட்டுக்கும் அந்த மலைக்கும் நடுவே எத்தனை கைகள் இருந்திருக்கும்! மேற்குக் கடலுக்கும் கரூருக்கும் காவிரிப்பூம்பட்டினத்துக்கும் நடுவழியில் இருந்த பட்டறை ஊர் இது. வழி மாறியது, ஊர் அடங்கிவிட்டது. மண் அதே மண்தான்.

ஆற்றோடு கொஞ்ச தூரம் கீழே போனால் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து நின்று, அணையே சாயத் தொட்டியாகிவிட்டது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகளில் உப்பு ஏறியது. வழக்கு நடந்தது. கழிவைத் துளியும் வெளியே விடக்கூடாது, அதுவரை பட்டறைகளை மூடுங்கள் என்று 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. திருப்பூருக்கு நியூயார்க் பக்கம், ஒரத்துப்பாளையம் தூரம் என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அணைக் கரையில் நின்றபோது அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. இனிமேல் சொல்வேனா என்று தெரியவில்லை.

பிற்பகல் காங்கேயம் போனேன். கிளுவை வேலி கட்டிய கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்கள், உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், நிழலில் மாடு. பாடப் புத்தகத்தில் ‘சிதறிய குடியிருப்பு’ என்று ஒரு படம் இருக்கும்: வெள்ளைத்தாளில் பத்துப் பன்னிரண்டு கறுப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளில் ஒன்றுக்குள் இன்று மோர் குடித்தேன். உடன் வேலை பார்க்கும் ஆசிரியையின் பெரியம்மா வீடு, தோட்டத்துச் சாளை. பஸ் நிறுத்தத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் மண் தடம்.

“ஏன் எல்லோரும் ஊருக்குள் சேர்ந்து வீடு கட்டவில்லை, பெரியம்மா?”

“கிணறு இங்கே இருக்கிறது அம்மணி. ஊருக்குள் போய் எதை இறைக்கிறது?”

இதைவிடச் சுருக்கமான விடை எந்தத் தாளிலும் எனக்கு வந்ததில்லை. தண்ணீர் ஆற்றில் பொதுவாக ஓடும் இடத்தில் மக்கள் கூடுகிறார்கள். அவரவர் நிலத்துக்கு அடியில் தனித்தனியாகக் கிடக்கும் இடத்தில் அவரவர் கிணற்றோடு தங்கிவிடுகிறார்கள். மாடு கட்டிக் கவலை ஏற்றத்தில் இறைத்த காலத்தில் விடிவதற்கு முன்பே மாட்டோடு கிணற்றடியில் நிற்க வேண்டும். ஊருக்குள் படுத்திருந்தால் நடக்குமா?

அப்படியானால் மனிதரை மனிதர் எங்கே பார்ப்பது? சந்தையில். வாரத்துக்கு ஒரு நாள் ஓர் ஊரில் கூடும். காய்க்காரரும் கருவாட்டுக்காரரும் திங்கள் ஓர் ஊர், செவ்வாய் ஓர் ஊர் என்று சுற்றி வருவார்கள். நிலையாக ஒரு கடை வைத்தால் கட்டுப்படியாகும் அளவுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. ஆகவே கடையே ஆளைத் தேடி நகர்கிறது. நாமக்கல் பக்கம் புதன்சந்தை என்று ஊருக்கே பேராகிவிட்டது. கிறிஸ்டாலரின் அறுகோணத்துக்குச் சக்கரம் கட்டிவிட்டதுபோல.

பெரியம்மாவின் இரண்டு மகன்களும் வெளியூரில். பெரியப்பா போய் மூன்று வருடமாகிறது. கடந்த சில ஆண்டுகளில் கொங்குப் பகுதியில் தோட்டத்து வீட்டில் தனித்திருந்த முதியவர்களைக் கொன்று நகை எடுத்துப் போன செய்திகள் தொடர்ந்து வந்தன. மகன்கள் கேமரா மாட்டியிருக்கிறார்கள். வாசலில் இரண்டு நாய்.

“முன்பு கூப்பிடு தூரத்தில் நாலு சாளை. ஏதாவது என்றால் ஒரு குரல் கொடுத்தால் போதும். இப்போது வீடு இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. யாரைக் கூப்பிடுவது?”

படத்தில் புள்ளிகள் மாறவே இல்லை. அதே இடத்தில், அதே இடைவெளியில்தான் இருக்கின்றன.

மூன்றாம் நாள்: கரூர், குளித்தலை, திருச்சி

வெயில். எழுதுவதற்குக் கொஞ்சம்தான் இருக்கிறது.

கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிறார்கள், கொசுவலை நெய்கிறார்கள். அமராவதி ஆற்று மணலில் சேரர் காசு பொறுக்கியிருக்கிறார்கள். இப்போது மணல்தான் தெரிகிறது.

குளித்தலைக்கு வரும்வரை இடப்பக்க ஜன்னலை விடவில்லை. காவிரி, ரயில் பாதை, சாலை, வாய்க்கால் என நான்கும் பக்கத்தில் பக்கத்தில் ஓட, ஊர்கள் அவற்றின் மேல் கோத்த மணிபோல வரிசையாக வருகின்றன. நேற்றைய புள்ளிகள் இன்று கோடாகிவிட்டன. வாழைத் தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால், மறுபடி வாழை. நேற்று ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒரு வீடு பார்த்த கண்ணுக்கு இது மூச்சு முட்டுகிறது.

பள்ளியில் தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். நான் எதைச் சொன்னாலும், “இதெல்லாம் ஐந்திணையில் இருக்கிறது டீச்சர்” என்பார். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது பெரிய விஷயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மண் இப்படி, ஆகவே மனிதன் இப்படி என்று அதை அச்சாக வார்த்துவிடுவதுதான் எனக்கு ஒட்டவில்லை. விடால் டி லா பிளாஷ் என்ற பிரெஞ்சுக்காரரின் வழியில் வந்தவர்களும் இதைத்தான் மறுத்தார்கள்: இயற்கை சில கதவுகளைத் திறந்து வைக்கும், எதில் நுழைவது என்பது மனிதன் கையில். தொல்காப்பியமும் திணை மயங்க இடம் கொடுத்திருக்கிறதே! அதை அவரிடம் ஒரு நாள் கேட்க வேண்டும்.

திருச்சியில் ஒரு குறிப்பு மட்டும். பொன்மலை ரயில் பணிமனை இங்கே முளைத்ததல்ல. நாகப்பட்டினத்தில் இருந்ததை 1920களின் இறுதியில் இங்கே பெயர்த்து வந்தார்கள். நாளை மறுநாள் நாகையில் இதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

நான்காம் நாள்: கல்லணையிலிருந்து எங்கள் தெரு வரை

கல்லணையில் காவிரி, கொள்ளிடம், வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என நான்கு வழி. மேல் நின்று பார்த்தால் யாரோ விரலை விரித்து வைத்ததுபோல இருக்கிறது. சுற்றுலா வந்தவர்கள் கரிகாலன் சிலையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மதகுகளின்மேல்தான் கண். கடைமடைக்காரிக்கு வேறெங்கே போகும்?

டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டும். வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கும் வயல் தலைமடை, முடிவில் இருப்பது கடைமடை. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். கல்லணைக்குத் தண்ணீர் வந்துசேர மூன்று நான்கு நாளாகும். அங்கிருந்து எங்கள் பக்கம் வர எத்தனை நாள் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். முதலில் தலைமடைக்காரர் குடிப்பார், பிறகு நடுவில் இருப்பவர். நாங்கள் வாய்க்காலில் இறங்கிப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்பா அதிகாலையில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவர் கால் நனைந்திருக்கிறதா என்று அம்மா பார்ப்பாள். கேட்க மாட்டாள். எங்கள் வீட்டில் மேட்டூர் எவ்வளவு தூரம் என்பது அந்தக் காலைப் பார்த்துத்தான் தெரியும்.

திருவையாறு வழியாகக் கும்பகோணம். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்த ஊர். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மகாமகம், கடைசியாக 2016இல். மற்ற நாளில் பாத்திரக்கடை, வெற்றிலை, டிகிரி காபி. சுற்றுப்பட்டுக் கிராமங்கள் நகை வாங்கவும் டாக்டரைப் பார்க்கவும் இங்கேதான் வர வேண்டும். காபி குடித்தேன், நன்றாக இருந்தது, கிளம்பிவிட்டேன்.

திருவாரூர் தாண்டி, சாயங்காலம் எங்கள் ஊர். அறுவடை முடிந்த வயலில் பருத்தி போட்டிருக்கிறார்கள்.

பாடப் புத்தகம் எங்கள் ஊரை ‘குழுமிய குடியிருப்பு’ என்று சொல்லும். தூரத்திலிருந்து பார்த்தால் சரிதான்: நடுவில் ஊர், சுற்றி வயல். உள்ளே வந்து நின்று பார்த்தால் அது குழுமவே இல்லை. கோயிலையும் குளத்தையும் ஒட்டி அக்கிரகாரம். அடுத்து எங்கள் குடியானத் தெரு. பிறகு ஒரு வாய்க்கால், ஒரு வயல், அதற்கப்பால் சேரி. சுடுகாட்டுக்குப் போகும் பாதையும் தனித்தனி. அக்கிரகாரத்தில் இப்போது பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. சேரி என்று சொல்லக்கூடாதென்று காலனி என்றார்கள். காலனி என்ற சொல்லையும் அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப்போவதாக 2025இல் அறிவித்தார்கள். பேர் மாறுவது நல்லதுதான். நடுவில் இருக்கும் அந்த ஒரு வயலை யாரும் எடுக்கவில்லை.

அந்த வயலின் அகலத்தை இன்று முதல்முறையாக நடந்து அளந்தேன். இருநூற்றுப் பத்து எட்டு. பண்ணையார் வாசலில் நின்று சத்தம் போட்டால் அங்கே கேட்கும். அதற்காகத்தான் அந்த அளவு. நடவுக்கும் அறுப்புக்கும் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்க வேண்டும், கண்ணில் படும் தூரத்தில் இருக்கக்கூடாது. நேற்று முன்தினம் காங்கேயத்துப் பெரியம்மா கூப்பிடு தூரம் என்று சொன்னபோது அது எவ்வளவு அன்பான சொல்லாக இருந்தது. எங்கள் ஊரில் கூப்பிட்டவர்கள் ஒரு பக்கமே இருந்தார்கள்.

கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்த கீழ்வெண்மணி, எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தொலைவுதான். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். சிறுமியாக இருந்தபோது வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே வந்ததில்லை. கல்லூரியில் ஒரு நூலகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பதினேழு வயதுவரை நான் அந்த வயலைத் தாண்டிப் போனதும் இல்லை. யாரும் தடுக்கவில்லை. போக வேண்டிய வேலை வரவில்லை, அவ்வளவுதான். தடுக்காமலே ஒரு பெண்ணைப் பதினேழு வருடம் நிறுத்தி வைக்கத் தெரிந்த தூரம் அது.

அம்மா, “வயலில் என்ன எண்ணிக்கொண்டு நடந்தாய், நிலம் விற்கப் போகிறோம் என்று ஊரில் கேட்கிறார்கள்” என்றாள்.

ஐந்தாம் நாள்: நாகப்பட்டினம்

நாகையில் முன்பு ரயில் நிர்வாகம் இருந்தது. திருச்சிவரை 1860களின் தொடக்கத்தில் பாதை போட்டவர்களுக்கு இதுதான் தலைமை இடம். துறைமுகம் பெரிதாக இருந்தவரை ரயில் கடலைப் பார்த்து நின்றது. பிறகு சென்னையும் மற்ற துறைமுகங்களும் வளர, பணிமனை பொன்மலைக்குப் போனது, வேலையும் கூடவே போனது. அதற்கும் முன்னால், ராஜராஜன் காலத்தில், ஸ்ரீவிஜய அரசன் இங்கே பௌத்த விகாரம் கட்டும் அளவுக்குக் கடலுக்கு அப்பால் உறவு. ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்கு எழுதி வைத்த செப்பேடு பின்னாளில் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போனது. நாகூர் தர்காவுக்குச் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1830 வாக்கிலேயே ஒரு நகல் எழுந்துவிட்டது, பினாங்கிலும் உண்டு. பண்பாட்டுப் பரவல் என்று கரும்பலகையில் அம்புக்குறி போடுவேன். அந்த அம்பு கிளம்பிய படித்துறையில் இன்று புறாவுக்குப் பொரி போட்டேன்.

இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. கடல் வழியே சுமார் 110 கிலோமீட்டர். திருச்சி இதைவிடத் தூரம். ஆனால் திருச்சிக்குப் பாஸ்போர்ட் கேட்பதில்லை.

பிற்பகல், சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்பு ஒன்றுக்குப் போனேன். இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2004 டிசம்பர் 26 கொண்டுபோனது. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு, உள்ளே தள்ளி வந்தால் புது வீடு என்றது அரசு. பழைய இடத்திலேயே இருக்க நினைத்தால் வீட்டுக்கு அரசு உதவி இல்லை. பெரும்பாலோர் வந்துவிட்டார்கள். வரிசை வரிசையாகக் கான்கிரீட் வீடு, நேர்த் தெரு. வலை உலர்த்த மணல் இல்லாததால் மொட்டை மாடிக் கைப்பிடியில் வலை தொங்குகிறது.

திண்ணை வைக்காத வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பேசினார். இப்போது தொழிலுக்குப் போவதில்லை, மகன் போகிறான்.

“கடல் எவ்வளவு தூரம், ஐயா?”

“மொபெட்டில் பத்து நிமிடம்” என்றார். பிறகு, “அது கணக்கில்லை டீச்சர்” என்றார். “அங்கே இருந்தபோது படுத்தபடியே தெரியும். சத்தம் மாறும். இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் வாடையா சோழகமா, போகலாமா கூடாதா, எல்லாம் காதிலேயே கேட்டுவிடும். இங்கே வந்து இத்தனை வருடம். ராத்திரி விழித்துப் பார்த்தால் ஒன்றும் கேட்கவில்லை. மகனுக்கு செல்போனில் வானிலை வருகிறது. எனக்குத்தான் எதுவும் தெரியவில்லை.”

உள்ளே முறத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலை நிமிராமல் சொன்னார்:

“எனக்கு இங்கே வந்த பிறகுதான் தூக்கம் வருகிறது.”